பரம்பரைப் பட்டமும் நிலைத்த முதலும்: இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்

இங்கிலாந்திலே பிரபுப் பட்டம் இரண்டு வகைப்படும். ஒன்று, பெற்றவருடைய வாழ்நாளோடு முடிந்துவிடுவது. மற்றொன்று, தந்தைக்குப் பின் மைந்தனுக்கும், மைந்தனுக்குப் பின் பேரனுக்குமாக வழிவழிச் செல்வது. இப்பரம்பரைப் பிரபுக்கள் நெடுங்காலம் பெரும்பாலும் நிலவுடைமையாளராகவே இருந்துவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கித் தொழிலாற் பொருள் ஈட்டியோர் பலரும் அவ்வரிசையில் இடம்பெறலாயினர். 1885 ஆம் ஆண்டில் றொத்சைல்டு குடும்பத்துத் தலைவர் பிரபுவானார். 1907 ஆம் ஆண்டில் சாமுவேல் மொன்டேகு என்னும் வங்கியாளர், பதினைந்து ஆண்டுகள் பொதுமக்கள் சபையில் இருந்தபின், சுவேத்லிங் பிரபு என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றார்.

அந்தச் சுவேத்லிங் பிரபுவின் புதல்வரே எட்வின் மொன்டேகு. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்து, மொன்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குத் தம் பெயரை ஈந்தவர் அவர். அச்சீர்திருத்தத்தின் வழிவந்த 1919 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலும் ஒரு மேற்சபையைத் தோற்றுவித்தது. அறுபது பேர் கொண்ட அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமை, மிகுந்த சொத்துடையார் முதலிய சிலருக்கே கிடைத்தது. கீழ்ச்சபையில் நிறைவேறிய மசோதாவும் இச்சபையின் இசைவு பெற்றே சட்டமாகவேண்டும். ஆகவே, பிரபுக்கள் சபையின் சாயல் அதனிடத்திற் சிறிது படிந்திருந்தது எனலாம்.

அச்சபையிலே சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்தவருள் ஒருவர் ஒரு வங்கியாளர். பின்னர்ப் பரம்பரைப் பட்டமும் பெற்றவர். அவரே செட்டிநாட்டு இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். இங்கிலாந்தின் வங்கிப் பிரபுக்களுக்கு நிகராகத் தமிழரிடையே ஒருவரைக் காட்டவேண்டுமாயின் இவரையே காட்டுதல் தகும். பட்டமும், பதவியும், பெருஞ்செல்வமும் உடையவராக வாழ்ந்த இவருடைய உடைமைகளுள் எது நின்றது, எது போயிற்று என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். யாழ்ப்பாணத்தவராகிய நமக்கும் அவ்வாராய்ச்சியில் ஒரு பங்கு உண்டு. ஏனெனில், நின்ற பொருளின் வட்டியை நாமும் பெற்றிருக்கிறோம்.

அண்ணாமலைச் செட்டியார் 1881 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30 ஆம் தேதி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலே பிறந்தார். தந்தையார் முத்தையாச் செட்டியார். நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் அச்சமூகத்தார் வானம் பார்த்த பூமியிலே பிறந்து, கடல் கடந்து பொருள் தேடியவர். ஆறில்லாத குடாநாட்டிலே கிணற்றை நம்பி வாழ்ந்து, கல்வியை முதலாகக் கொண்டு மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்ற யாழ்ப்பாணத்தவருக்கு இந்நிலை விளங்காததன்று. நம்மவர் எழுதுகோலை எடுத்துச் சென்றனர். நகரத்தார் கணக்கேட்டை எடுத்துச் சென்றனர். இதுவே வேற்றுமை.

அக்கணக்கேட்டின் முறையைச் சிறிது அறிதல் நன்று. கடை ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களாலான விலாசம் உண்டு. முதலாளி ஊரில் இருப்பார். அயல்நாட்டுக் கடையை முகவர் ஒருவர் மூன்றாண்டுக் காலம் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாளும், தொழில் பயிலும் பெட்டியடிப் பையனும் இருப்பர். பெட்டியடியில் அமர்ந்து ஏடு எழுதப் பழகிய சிறுவனே நாளடைவில் முகவராவான். சொந்த முதலோடு உறவினரின் பணமும், கோயிற் பணமும் கடையில் வைப்பாக இருக்கும். ஒரு கடை மற்றொரு கடைக்குக் கடன் கொடுக்கும்போது வாங்கும் நடப்பு வட்டியை, இரங்கூன் போன்ற இடங்களில், மாதந்தோறும் கோயிலிற் கூடி முடிவு செய்வர். இலாபத்தின் ஒரு பகுதி மகமை என்று ஒதுக்கப்பட்டு அறத்துக்குச் செல்லும். எழுத்துப் பத்திரத்தினும் சொல்லின் நாணயமே இம்முறைக்குப் பெரும் பிணையாக இருந்தது. ஒருவர் நாணயம் கெட்டால் அவருடைய விலாசமே கெட்டுவிடும்.

இப்பழைய முறைக்கும் புதிய வங்கி முறைக்கும் பாலம் அமைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அண்ணாமலையார். அப்பாலம் அமைவதற்கு ஒரு வீழ்ச்சியே காரணமாயிற்று. 1906 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னையிலே பெரும்பெயர் பெற்றிருந்த ஆர்பத்நட் கம்பெனி என்னும் ஆங்கிலேய வணிக நிலையம் முறிந்தது. அதில் பணம் வைத்திருந்த பல்லாயிரவர் சேமிப்பை இழந்தனர். வெள்ளையர் நடத்தும் நிலையமாயின் அஞ்சவேண்டியதில்லை என்றிருந்த நம்பிக்கையும் அன்றே முறிந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர், இந்தியர் முதலிட்டு இந்தியரே நடத்தும் ஒரு வங்கி வேண்டும் என்று முயன்றனர். நகரத்தார் அம்முயற்சிக்குப் பெருந்துணையாயினர். அவ்வாறு 1907 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15 ஆம் தேதி இந்தியன் வங்கி தொழில் தொடங்கிற்று. அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமிச் செட்டியார் அதன் தொடக்க காலத் தூண்களுள் ஒருவர். பின்னர் அண்ணாமலையாரும் அதன் இயக்குநராக விளங்கினார். செட்டிநாடு வங்கி என்னும் தனி நிலையமும் அவர் குடும்பத்தால் நடத்தப்பெற்றது.

செட்டிநாடு வங்கியின் அலுவல் கொழும்பிலும் நடந்தது. இலங்கை வருமான வரித் தலைவருக்கும் அவ்வங்கிக்கும் எழுந்த வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அத்தீர்ப்பு 1948 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிற் காணப்படுகிறது. இலங்கையின் பொருள் வாழ்வில் செட்டிமார்க்கு இருந்த இடத்தை இங்கே கூறுதல் வேண்டும். அக்காலத்து ஆங்கிலேய வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதி வணிகருக்கும் கடன் கொடுத்தனவேயன்றி, உள்நாட்டாரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவ்வங்கிகள் செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் தம் பொறுப்பில் உள்நாட்டாருக்குக் கொடுப்பார். 1925 ஆம் ஆண்டில் கொழும்பிற் சில செட்டிக் கடைகள் முறியவே, வங்கிகள் கையை இறுக்கின. பின்வந்த உலகப் பொருள்மந்தத்தில் கடன் பட்டோர் திருப்பிக் கொடுக்க இயலாது தவித்தனர். 1934 ஆம் ஆண்டில் இலங்கை வங்கி விசாரணைக் குழு கூடி ஆராய்ந்ததும், 1939 ஆம் ஆண்டில் இலங்கை வங்கி நிறுவப்பட்டதும் இதன் விளைவுகளே.

யாழ்ப்பாணத்திலே கடன் முறை வேறு வழியில் நடந்தது. இங்கே காணியும் நகையுமே வங்கி. தேசவழமை கூறும் ஒற்றி முறையில், கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை எடுத்துக்கொள்வர். மலாயாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் மணியோடரே பல வீடுகளில் அடுப்பெரித்தது. கடனின் கடுமை எத்தகையது என்பதை ஒற்றிக் காணியை மீட்கப் பாடுபட்ட குடும்பங்கள் நன்கறியும்.

ஆதலால், வட்டித் தொழிலாற் பெருகிய ஒரு பெருஞ்செல்வத்தைப் போற்றுமிடத்து, அதன் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் முறையன்று. நகரத்தாரின் முதலில் மிகப் பெரும்பகுதி பர்மாவிலே இருந்தது. 1930 ஆம் ஆண்டளவில் அது எழுபத்தைந்து கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. காடாகவும் சதுப்பாகவும் கிடந்த ஐராவதி நதிக்கழிமுகத்தை நெற்களஞ்சியமாக்கிய உழவர்க்கு அம்முதல் உதவிற்று என்பது உண்மை. நெல்விலை வீழ்ந்தபோது அவ்வுழவரின் நிலம் கைமாறிற்று என்பதும் உண்மை. நெல் விளையும் பதின்மூன்று பெரு மாவட்டங்களில், 1930 இல் நூற்றுக்கு ஆறு விழுக்காடாக இருந்த செட்டிமார் நிலம், 1937 இல் இருபத்தைந்து விழுக்காடாயிற்று. அவர்கள் விரும்பியது பணத்தையே, நிலத்தையன்று. ஆயினும் உழவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் அளிக்கவில்லை. நிலம் இழந்தவனுடைய மனத்தாங்கல் அந்நாட்டு அரசியலிலே பெருநெருப்பாக மூண்டது.

இனி அண்ணாமலையாரின் அரசியல் வாழ்வைப் பார்ப்போம். சென்னைச் சட்டசபையிலும், பின்னர் முற்கூறிய மேற்சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1923 இல் சர் பட்டம் பெற்றார். 1929 இல் இராஜா என்னும் பரம்பரைப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய மைந்தர் முத்தையாச் செட்டியார் 1933 இல் சென்னை மாநகரின் மேயராகவும், பின்னர் அமைச்சராகவும் விளங்கினார். அரசுக்கு எதிர்நின்று சிறை சென்ற அரசியல் இவர்களுடையதன்று. அரசோடு ஒத்திருந்து ஆவன பெறும் அரசியலே இவர்களுடையது. அக்காலத் தேசியவாதிகள் இதனைக் குறைகூறினர். ஆயினும், அவ்வரசியலால் அண்ணாமலையார் பெற்றுத் தந்த ஒன்றைக் குறைகூறினோரும் மறுக்கவில்லை. அதுவே சிதம்பரத்துப் பல்கலைக்கழகம்.

சிதம்பரம் என்றவுடன் யாழ்ப்பாணத்துச் சைவர் உள்ளம் உருகும். தில்லைக்கூத்தன் சந்நிதியில் நம் முன்னோர் மடங்களும் அறக்கட்டளைகளும் நிறுவியுள்ளனர். நல்லூர் ஆறுமுகநாவலர் 1864 ஆம் ஆண்டிலேயே அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாழ்ப்பாணம் சிதம்பரத்துக்குக் கல்வி கொடுத்த காலம் அது. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளின் பின், சிதம்பரம் யாழ்ப்பாணத்துக்குக் கல்வி கொடுக்கும் காலம் பிறந்தது.

அண்ணாமலையார் 1920 ஆம் ஆண்டில் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர்த் தமிழ்க் கல்லூரியும் இசைக் கல்லூரியும் எழுந்தன. தமிழ்க் கல்லூரியின் தலைமையை 1924 முதல் 1927 வரை ஏற்றவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஆவர். 1926 இல் தெலுங்கு நாட்டவருக்கு ஆந்திரப் பல்கலைக்கழகம் அமைந்தபோது, தமிழ்நாட்டிலும் ஒன்று வேண்டும் என்ற குரல் வலுப்பெற்றது. அண்ணாமலையார் தம் கல்லூரிகளையும் அவற்றின் உடைமைகளையும் கொடுத்து, இருபது இலட்சம் ரூபாயும் தர முன்வந்தார். சென்னை அரசாங்கமும் பொருளுதவி செய்ய இசைந்தது. 1928 ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேறிற்று. 1929 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தூரத்துக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் நிலையமாக அன்றி, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே தங்கிக் கற்பிக்கவும் கற்கவும் அமைந்த நிலையமாக அது விளங்கிற்று.

அங்கே 1931 இல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் யார்? ஈழத்துக் காரைதீவிலே பிறந்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து, துறவு பூண்ட விபுலாநந்த அடிகளே. பழந்தமிழர் இசைக்கருவியாகிய யாழைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி அச்சூழலில் வளர்ந்தது. 1947 இல் யாழ்நூலாக வெளிவந்தது. யாழின் பெயரைத் தாங்கிய ஊரினர் இதனை மறத்தல் கூடுமோ? 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அடிகளே. அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற புலோலியூர்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் சிதம்பரத்துத் தமிழ்க் கல்வியின் பயனைப் பெற்றவர். ஊர்காவற்றுறைக் கரம்பனைச் சார்ந்த தனிநாயக அடிகள், பாதிரியாராகிய பின், அங்கேயே மாணவராக அமர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும் இலக்கிய ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். அவர் முன்னின்று தோற்றுவித்த உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் நான்காவது மாநாடு 1974 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே கூடிற்று. கானாடுகாத்தான் முதலாளி சிதம்பரத்தில் இட்ட பொருள், கரம்பனிற் பிறந்த ஒருவர் வழியாக, உலகத் தமிழறிஞரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது என்றால் அது மிகையாகாது.

வானொலி நேயர்கள் தம் செவியாலேயே நுகர்ந்த பயன் மற்றொன்று உண்டு. அஃது இசைப் பயன். அந்நாளைக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே நடுவிடம் பெற்றன. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோருடைய தமிழ்ப் பாடல்கள் இறுதியில் துக்கடாவாகவே ஒலித்தன. கேட்போர் தமிழராயிருக்கப் பொருள் விளங்காத பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் நிலையை மாற்ற அண்ணாமலையார் முனைந்தார். 1941 இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943 இற் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. இசைக்கு மொழி ஏது என்று எதிர்த்தோர் பலர். மொழி வேண்டாவெனில் தமிழ் மட்டும் ஏன் வேண்டாததாயிற்று என்று வினவினோரும் பலர். அவ்வாதம் கடல் கடந்து நம் ஊர்ச் சபைகளிலும் ஒலித்தது. சிதம்பரத்து இசைக் கல்லூரியிற் பயின்று, சங்கீத பூஷணம் என்னும் பட்டத்துடன் மீண்ட யாழ்ப்பாணத்து இளைஞர், பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இலங்கை வானொலியிலும் தமிழிசை முழங்கச் செய்தனர். பின்னர் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கழகம் எழுந்து, அக்கல்வியை நம் வாசலுக்கே கொண்டுவந்தது.

இவ்விடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நினைவுக்கு வருதல் இயல்பே. அவரும் சட்டசபையில் அமர்ந்தவர். அவரும் தம் செல்வத்தைக் கல்விக்கு ஈந்தவர். 1913 இல் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். அப்பரமேசுவரக் கல்லூரி நின்ற இடத்திலேதான் 1974 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. அதுவரையும் உயர்கல்வி நாடிய நம் மாணவர் பலருக்குச் சிதம்பரம் ஒரு புகலிடமாக இருந்தது.

இனி, எது போயிற்று, எது நின்றது என்று கணக்குப் பார்ப்போம். 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். செட்டிமார் நெடுவழி நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பினர். 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆம் தேதி அண்ணாமலையார் மறைந்தார். அதே ஆண்டில் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டத்தை இயற்றிற்று. இலங்கையிலும் குடியுரிமைச் சட்டங்களும் குடிவரவுச் சட்டங்களும் இறுக இறுகச் செட்டியார் தெருக் கடைகள் பல மூடப்பட்டன. 1969 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இந்திய அரசு உடைமையாக்கிய பதினான்கு வங்கிகளுள் இந்தியன் வங்கியும் ஒன்று. வங்கி நின்றது, முதலாளி மாறினார்.

பல்கலைக்கழகத்திலும் ஒரு பரம்பரை உரிமை இருந்தது. 1928 ஆம் ஆண்டுச் சட்டம், நிறுவியவரையும் அவருக்குப் பின் அவர் வழித்தோன்றலையும் இணைவேந்தராக்கிற்று. அக்குடும்பத்தின் கை எண்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஓங்கியிருந்தது. ஒருவருடைய கொடையால் எழுந்த நிலையம், அக்கொடை பல மடங்கு பின்னிற்க, பெரும்பகுதி மாணவர் கட்டணத்தாலும் அரசின் உதவியாலும் நடக்கும்போது, அதனை அக்குடும்பம் ஆளுதல் தகுமோ என்ற வினா எழுந்தே தீரும். 2012 ஆம் ஆண்டின் இறுதியில் நிதி நெருக்கடி முற்றி, ஊழியர் சம்பளத்துக்கே இடர் வந்தது. 2013 இல் தமிழ்நாட்டு அரசு புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. பரம்பரை இணைவேந்தர் பதவி முடிவுற்றது. இங்கிலாந்திலும் 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பரம்பரைப் பிரபுக்களிற் பெரும்பாலோரை மேற்சபையினின்றும் நீக்கிவிட்டது. கொடுத்தவர் கைவிடாது பற்றியிருந்த பகுதியே, பின்னர்ப் பிறரால் விடுவிக்கப்படவேண்டிய பகுதியாயிற்று என்பது இவற்றால் விளங்கும்.

நகரத்தாரின் ஏட்டிலே பற்று என்றும் வரவு என்றும் இரு பக்கங்கள் உண்டு. அண்ணாமலையார் பர்மாவில் இட்ட முதல் திரும்பவில்லை. வங்கியில் இட்ட முதல் அரசிடம் சென்றது. பட்டம் வழிவழி வந்தும் அதன் அதிகாரம் தேய்ந்தது. மகமையாகச் சிதம்பரத்தில் இட்டது மாத்திரம் இன்றும் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வட்டியும் அவர் சுற்றத்தார்க்கு மட்டும் உரியதன்று.

1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் பதினெட்டாம் பிரிவு, அரசு இனிப் பட்டம் எதனையும் வழங்கலாகாது என்று விதித்தது. இராஜா பட்டமும் சர் பட்டமும் இனிப் பிறவா. ஆயினும் அப்பிரிவு இரண்டு வகைக்கு விலக்கு அளித்தது: ஒன்று படைத்துறைச் சிறப்பு, மற்றது கல்விச் சிறப்பு. பரம்பரையாற் பெறும் பட்டத்துக்கு அடைபட்ட வாயில், படித்துப் பெறும் பட்டத்துக்குத் திறந்தே இருக்கிறது. அவ்வாயிலின் வழியே, சிதம்பரத்திற் கற்று வித்துவானாகவும் சங்கீத பூஷணமாகவும் யாழ்ப்பாணம் மீண்டோர் பெற்ற பட்டம் எவருடைய மைந்தருக்கும் தானாகச் செல்வதன்று. மைந்தனும் உழைத்தே அதனைப் பெறல் வேண்டும்.